டிரம்பெட்டுக்கு விட்ட இடம்

வங்காளத் தலைநகரின் பாலிகஞ்சில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்தவர் சாக்ஸபோன் வாசிப்பவர். பெரம்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். இளவயதில் இந்த ஊர் ஹோட்டல்களில் ஜாஸ் வாசிக்க வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. இங்கே இன்று ஜாஸ் வாசிக்கும் பாதிப்பேர் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பார்கள். எனக்கோ, படியில் பார்த்தால் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள்.

ஒருமுறை அவர் கச்சேரிக்குப் போனேன். அவரே அமைத்த மெதுவான மெட்டு. நடுவில் சாக்ஸபோனை இறக்கிவிட்டு வலப்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு மைக் மட்டும் நின்றது. ஆள் இல்லை. டிரம்ஸ் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க, யாரோ வாசிப்பதைக் கேட்பவர்போலத் தலையாட்டினார். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார்.

மறுநாள் படியில் கேட்டேன்.

"நேத்து நடுவுல ஏன் அங்கிள் நிறுத்திட்டீங்க?"

"அது டிரம்பெட்காரன் எடம்மா. என்கூட வாசிச்சவன். ஒருநாள் ஷோவுக்கு வரசொல்ல ஆக்சிடென்ட்ல பூட்டான். லேட்டா வருவான்னு அவன் எடத்த விட்டு வாசிச்சேன். சேதி அப்பாலதான் வந்துச்சு."

"வேற யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே?"

"அதான் அவன் வாசிக்கிறானேம்மா," என்றார். குரலில் விளையாட்டே இல்லை.

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். அஞ்சலிக் கச்சேரியில் அவருடைய மாணவி அதே மெட்டை வாசித்தாள். நடுவில் கருவியை இறக்கி வலப்பக்கம் திரும்பினாள். அங்கேயும் ஆளில்லாத மைக். முடிந்ததும் போய்க் காரணம் கேட்டேன்.

"இந்தப் பாட்டே அப்படித்தானே, மாஷிமா?" என்று வங்க மொழியில் கேட்டாள். மாஷிமா என்றால் அவர்களுக்குச் சித்தி, பெரியம்மா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோடையில் அவர்கள் குழுவில் ஒரு டிரம்பெட்காரரைச் சேர்த்தார்கள். அந்த இளைஞர் வலப்பக்கம் நின்று, அந்த மெட்டில் காலியாக இருந்த இடத்தை நிரப்பி வாசித்தார். அருமையாகத்தான் இருந்தது. கரியாஹாட் பக்கத்துச் சின்ன அரங்கம் முழுக்கக் கைதட்டியது. அவள் மட்டும் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் டாக்சிக்காகக் காத்திருந்தபோது அவள் வந்தாள்.

"நல்லா இருந்துதா, மாஷிமா?"

"ரொம்ப நல்லா இருந்துது."

தோளில் தொங்கிய சாக்ஸபோன் பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் காலி இடத்துலதானே சாரும் அவரோட டிரம்பெட்காரரும் இருந்தாங்க. இனிமே அவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்க?"

டாக்சி வந்தும் நான் ஏறவில்லை.