சனிக்கிழமை எண்ணெய்

மெர்வ் டல்லியைப் பின்னாலிருந்து பார்த்தால், கீழே விழுந்த சாவியைத் தேடுகிறார் என்றுதான் நினைப்பீர்கள். அவர் நிற்பதே அப்படித்தான். நாற்பத்தொரு வருடம் செம்மறி ஆடுகளின் மேல் குனிந்து உரோமம் வெட்டியவர். நல்ல நாளில் நூற்றெண்பது ஆடு. அறுபது வயதில் அவர் வேலையை விட்டார், வேலை அவரை விடவில்லை. முதுகெலும்பின் அடியில் மூன்று வட்டுகள் தேய்ந்துபோய் நரம்பைக் கடித்துக்கொண்டிருந்தன.

வில்காராவில் தபால், பெட்ரோல், பால், ரொட்டி, வம்பு எல்லாம் என் கடையில்தான். என் பெயர் க்ளெனிஸ். மெர்வ் இளந்தாரியாக, கொட்டகை கொட்டகையாகப் போய் ஆடு வெட்டிய காலத்திலிருந்து தெரியும். அந்தக் கொட்டகை ஒன்றில் சமையல்காரியாக வந்தவள்தான் கோரல். முப்பது ஆண்களுக்குத் தனியாளாக ஆட்டுக்கறி பொரித்து, வாயாடி, எவனையும் தட்டுக் கழுவாமல் போகவிடாதவள். மெர்வ் இரண்டாவது வாரமே தன் தட்டோடு அவள் தட்டையும் சேர்த்துக் கழுவினார். ஊர் சிரித்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை.

வலிக்கு முதலில் மாத்திரைகள் கொடுத்தார்கள், அபின் வகை. அவை வலியை எடுத்தன, ஆளையும் சேர்த்து எடுத்தன. பேச்சு குழறியது, வயிறு வாரக்கணக்கில் கல்லாகக் கிடந்தது. ஒருநாள் பட்டப்பகலில் வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். வந்த போலீஸ்காரர் மருந்துச் சீட்டைப் பார்த்து, "பாத்துப் போங்க" என்று சொல்லி வண்டியை இழுத்து ஏற்றிவிட்டுப் போனார். அவ்வளவுதான். சட்டத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அதன்பிறகுதான் சிட்னி டாக்டர் ஒருவர் கணினித் திரையில் தோன்றிப் பேசி, கஞ்சா எண்ணெய் எழுதிக்கொடுத்தார். சட்டப்படிதான், சீட்டோடுதான். கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டிய பொட்டலமாக என் கடைக்கே வந்தது. முதல் பொட்டலத்தை வாங்க இருவரும் சேர்ந்து வந்தார்கள்.

"என்ன மெர்வ், அறுபத்தெட்டு வயசுல கஞ்சா அடிக்க ஆரம்பிச்சிட்டீங்களாமே?" என்றேன்.

"அடிக்கிறது எங்க? நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விடணுமாம்."

"காசு குடுத்துப் போதைய வாங்கி, அதுல போதையே வராம குறட்டை விடப்போற ஒரே ஆளு எங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் கோரல்.

ஆனால் மருந்து கேட்டது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மாதத்தில் மெர்வ் குனியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைப் பார்த்தேன். பேச்சு தெளிவாக இருந்தது. தக்காளிச் செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றினார். கோரல் என்னிடம் தனியாகச் சொன்னாள், "என் மனுஷனத் திருப்பிக் குடுத்துட்டாங்கடீ." சொல்லும்போது அழுதாள். கோரல் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடமே கோரலின் சிறுநீரகங்கள் போய்விட்டன. சர்க்கரை நோய் ஏற்கெனவே பாதிக் கண்ணைத் தின்றிருந்ததால் அவளால் வண்டி ஓட்ட முடியாது. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி தொண்ணூற்றிநான்கு கிலோமீட்டர் தள்ளி. எங்கள் பக்கத்தில் பேருந்து என்று ஒன்று ஓடுவதே பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். மகன் மேற்கே இரும்புச் சுரங்கத்தில், ஞாயிறு ஞாயிறு போன் பேசுவான். ஆகவே மெர்வ்தான் ஓட்டவேண்டும். மெர்வ் ஓட்டினால் கோரல் இருப்பாள். கணக்கு அவ்வளவு எளிது.

வந்தது வினை எச்சிலில். அந்த எண்ணெயை நீங்கள் வாங்கலாம், சாப்பிடலாம். ஆனால் அதன் துளி எச்சிலில் இருக்கும்போது வண்டி ஓட்டினால் குற்றம். நிதானத்தோடு இருந்தாலும் குற்றம், டாக்டர் சீட்டு இருந்தாலும் குற்றம். லாக்கி டிரெய்னர் என்று ஒருவன், டிராக்டர் கவிழ்ந்து கால் நசுங்கியவன், இதே எண்ணெய்தான் எடுத்துக்கொண்டிருந்தான். சாலையில் நிறுத்தி நாக்கில் எச்சில் சோதிக்கும் பட்டையைத் தேய்த்தார்கள். அவன் சீட்டை நீட்டினான். "சீட்டு சரியாத்தான் இருக்கு, எச்சில்தான் சரியில்ல," என்றார்களாம். மூன்று மாதம் லைசென்ஸ் போயிற்று. லாக்கிக்கு அண்ணன் தம்பி நாலு பேர், அவன் தப்பித்தான். மெர்வுக்கு மூன்று மாதம் என்றால் கோரலுக்கு முப்பத்தொன்பது டயாலிசிஸ். இந்தச் சட்டத்தை எழுதியவன் எவனோ, அவன் வீட்டு வாசலிலேயே ஆஸ்பத்திரி இருந்திருக்கும்.

எச்சிலில் அது எத்தனை நாள் தங்கும் என்று சொல்ல ஆளில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்றார் ஒருவர், ஒரு வாரம் என்றார் இன்னொருவர். மெர்வ் தானாக ஒரு விதி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் கோரலைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் சொட்டு விடுவார். அதற்குப் பிறகு செவ்வாய்க் காலைதான் வண்டியை எடுக்கவேண்டும். வாரத்திலேயே நீளமான இடைவெளி அதுதான். தினமும் எடுக்கச் சொன்ன மருந்தை வாரத்துக்கு ஒரு நாள். மீதி நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டவேண்டிய மூன்று நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். போக வர நூற்றெண்பத்தெட்டு கிலோமீட்டர், நடுவில் ஐந்து மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. ஆஸ்பத்திரியில் அவர் நிற்பதைப் பார்த்து, நோயாளி அவர்தான் என்று நினைத்த நர்சுகள் உண்டு.

நான் ஒன்றிரண்டு தடவை கேட்டேன், "நான் கூட்டிட்டுப் போறேனே மெர்வ்?"

"உனக்குக் கடை இருக்கு, க்ளெனிஸ். எனக்கு அவதான் இருக்கா," என்பார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

போன ஆகஸ்டில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. குளிர் எலும்புக்குள் இறங்குகிற மழை. மறுநாள் கோரல் எனக்குப் போன் செய்தாள்.

"நேத்து அவர் சமையக்கட்டுத் தரையில விழுந்து கிடந்தார்டீ. முதுகு இழுத்துப் பிடிச்சிடுச்சு. எழுந்திருக்கவே முடியல. சத்தம் போட்டு அழுதார். நான்தான் வாயைத் திறந்து எண்ணெய ஊத்திவிட்டேன்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"கிழமை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? வேணாம் வேணாம்னு தலைய ஆட்டினார். மூக்கப் பிடிச்சு ஊத்தினேன், ஆட்டுக்குட்டிக்கு ஊத்துற மாதிரி."

"நாளைக்கு நான் ஓட்டட்டுமா?"

"அவர்கிட்ட கேட்டா உன்னையும் என்னையும் சேத்துத் திட்டுவார். விடு, நாளைக்கெல்லாம் சரியாயிடும்."

விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் பக்கத்து ஊருக்குப் போய்த் தபால் பையையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கோதுமைக் குதிர்கள் நிற்கிற இடத்தில் போலீஸ் வண்டி. ரீஸ் என்ற இளம் கான்ஸ்டபிள் குடித்திருக்கிறோமா என்று மூச்சில் பார்க்கிற கருவியை என் வாயருகே நீட்டி, "ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க, க்ளெனிஸ்," என்றான். எண்ணினேன். "போங்க, உங்க ரொட்டிக்காக ஊரே காத்திருக்கும்," என்று சிரித்தான். நான் வேறு எதையும் பார்க்கவில்லை. மெர்வின் எச்சில்தான் மனதில் ஓடியது.

பதினொரு கிலோமீட்டர் வந்ததும் எதிரே மெர்வின் வெள்ளை வண்டி. விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டினேன். முன்னால் போலீஸ் நிற்கிறது என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் செய்வதுதான். மெர்வ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். அவர் நன்றி சொல்வது அப்படித்தான். பக்கத்தில் கோரல் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன், வண்டி இடப்பக்கம் திரும்பி பழைய மந்தைப் பாதையில் இறங்கியது. குதிர்களைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறுகிற பாதை அது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடை வரைக்கும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தப் பாதை கரிசல் மண். மேலே காய்ந்து ஓடு கட்டியிருக்கும், அடியில் கூழாக இருக்கும். மெர்வுக்கு அது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நெடுஞ்சாலையில் லைசென்ஸ் போவது நிச்சயம், கரிசலில் புதைவது ஒருவேளைதான் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஒன்பதே கால் மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். "கோரல் இன்னும் வரலைங்க. எட்டு மணிக்கே வந்திருக்கணும். வீட்ல யாரும் எடுக்கல, அடுத்து உங்க நம்பர்தான் குடுத்திருக்காங்க."

அந்த மந்தைப் பாதைதான் நினைவுக்கு வந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னேன். டிராக்டர் வைத்திருக்கும் பாரி ஒல்டரை அந்தப் பாதைக்கு வரச்சொன்னேன். கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. அதன் கம்பத்தில் சாய்ந்து கோரல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் செருப்பில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. மூன்று கிலோமீட்டர், பாதிக் கண்ணோடு, வீங்கின காலோடு, அடிக்கு அடி ஒட்டிக்கொள்கிற சேற்றில் நடந்து வந்திருக்கிறாள். அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது.

"வண்டி புதைஞ்சிடுச்சு. மண்ண வெட்டுறேன்னு குனிஞ்சார், அப்படியே பிடிச்சிக்கிச்சு," என்றாள். மூச்சு வாங்கியது. "சக்கரத்துக்குப் பக்கத்துல சேத்துல கிடக்கார். முதல்ல அவரப் போய்ப் பாருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பேசாத கோரல்."

"போலீசு பிடிக்கலல்ல? லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்குடீ. இருக்கு."

"அப்ப வியாழக்கிழமை போயிக்கலாம்," என்றாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. சனிக்கிழமையிலிருந்து இரத்தத்தில் சேர்ந்த உப்பு, அதோடு அந்த நடை. ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது அவள் இதயம் நின்றுவிட்டது. அதே நேரத்தில் பாரி, கையில் மண்வெட்டியோடு சேற்றில் மல்லாந்து கிடந்த மெர்வை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். "அவளுக்குக் குளிருமே, என் கோட்ட எடுத்துட்டுப் போனாளா பாரு," என்றுதான் மெர்வ் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அடக்கம் முடிந்து ஊர் மண்டபத்தில் தேநீர். நான் முட்டை சாண்ட்விச் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். ரீஸ் சீருடை இல்லாமல் வந்திருந்தான். என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மனசு கேக்கல, க்ளெனிஸ். அவர் எங்களுக்குப் பயந்துதான் அந்தப் பாதையில போனார்னு சொல்றாங்க. அன்னிக்கு நாங்க எச்சில் எடுக்கவே இல்ல. பட்டை தீந்துபோச்சு, புதுசு வரல. சும்மா ஊதச் சொல்லி அனுப்பிட்டிருந்தோம். நேரா வந்திருந்தார்னா பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிட்டு விட்டிருப்பேன்."

நான் விளக்கடித்தது அவனுக்குத் தெரியாது. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சட்டத்தைத் திட்டலாம், ரீசைத் திட்டலாம், மழையைத் திட்டலாம். ஆனால் அந்த விளக்கை அடித்த கை என்னுடையது.

மூன்று வாரம் கழித்து மெர்வின் பொட்டலம் வந்தது. நான்கு நாள் அலமாரியிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள், சனிக்கிழமை, அவரே நடந்து வந்தார். வீட்டிலிருந்து கடைக்கு அரை மைல். வாசல்படி ஏற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நான் போய்த் தாங்கிப் பிடிக்கவில்லை, அவருக்கு அது பிடிக்காது.

"இப்பவாவது தினமும் போட்டுக்குங்க மெர்வ்," என்றேன்.

"ஆமா. இனிமே எங்க ஓட்டப்போறேன்." சட்டைப் பையிலிருந்து லைசென்சை எடுத்து மேசைமேல் வைத்தார், பொட்டலம் வாங்க அடையாளம் காட்டவேண்டுமே. அட்டை புத்தம்புதிதாக இருந்தது. இன்னும் நாலு வருடத்துக்குச் செல்லும்.

பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் நின்றார். குனிந்தபடியே, கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"உன்ன ஒண்ணு கேக்கணும், க்ளெனிஸ். நீ அவங்களத் தாண்டித்தானே வந்த. அன்னிக்கு எச்சில்தானே எடுத்துக்கிட்டிருந்தாங்க?"

கடையில் வேறு யாரும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. என்னிடம் சொன்னதை ரீஸ் இந்த ஊரில் வேறு யாரிடமாவது சொல்லியிருப்பானா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ஆமா, மெர்வ்," என்றேன். "எல்லாருக்கும் எடுத்தாங்க. எனக்கும் எடுத்தாங்க."

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

"அப்ப வேற வழி இல்ல," என்றார். "நீ விளக்கு காட்டினது நல்லதாப் போச்சு."

பிறகு நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.