அக்காளின் மூன்றாம் ஓலை

அக்காள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் தந்தார். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம்; அதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அக்காள் பிறந்த ஊர் இப்போது இல்லை. திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருந்தது. பட்டணத்துக்குக் குடிநீர் வேண்டுமென்று அணை கட்டினார்கள். எங்கள் வேதக்கோயிலும் கல்லறைகளும் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைநிலமும் ஏரிக்கடியில் கிடக்கின்றன.

அம்மா இறந்தபோது அக்காளுக்குப் பதினான்கு வயது. எனக்குச் சோறு போட்டதும் அவர்தான், விளக்குமாற்றால் அடித்ததும் அவர்தான். இரண்டுக்கும் குறை வைத்ததில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அக்காளுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. புதுக் கோயில் கட்டித் தந்த பிறகே அணையின் ஷட்டரை இறக்கித் தண்ணீர் தேக்குவோம் என்று அணை வேலை ஓவர்சியர் எங்கள் கோயில் முற்றத்தில் நின்று வாக்குக் கொடுத்திருந்தார். புதுக் கோயிலுக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டாமல், மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் முழங்கால் தண்ணீர். பாய் விரிக்க வழியில்லாமல் எல்லாரும் நின்றோம். சபையை நடத்தும் உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓலையை வாசித்தார்.

"ஆட்சேபம் உள்ளவங்க இப்பம் சொல்லணும்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "எனக்கு உண்டு உபதேசியாரே! மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது!"

சபையே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அவருடைய அப்பா சிரிக்கவில்லை. விளை வெள்ளத்தில் போன வீட்டுச் சம்பந்தம் வேண்டாமென்று அவர் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆட்சேபம் விழுந்துட்டு. புஸ்தகத்துல எழுதும் ஓய்" என்றார்.

"பய பகடி பறஞ்சதுல்லா?" என்றார் உபதேசியார்.

"கோயில்லயா பகடி? பொண்ணுக்க சொந்தத் தம்பியாக்கும் சொன்னது."

உபதேசியார் எழுதினார். சபைச் சட்டப்படி இனி முதலிலிருந்து மூன்று ஓலை, அதுவும் சொந்தக் கோயிலில். மறுநாள் தண்ணீர் ஜன்னலைத் தொட்டது.

அக்காள் என்னை இழுத்துக்கொண்டு ஓவர்சியரிடம் போனார். "மூணு ஞாயிறுக்கு மட்டும் தண்ணியெ எறக்கித் தரணும் சாரே."

"எந்தா கொச்சே, ஒனக்குக் கல்யாணம் கழிக்க அணையெ இடிச்சுப் பொளிக்கணுமா?" என்று அவர் சிரித்தார். என் பகடிக்குச் சபை சிரித்த மாதிரியே.

திரும்பும் வழியில் நான் அழுதேன். "ஒனக்க நாக்கெ நான் என்னைக்கோ அறுத்திருக்கணும்" என்றார் அக்காள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அழாதலே. ஷட்டர் எறக்குனது நீயா?" என்றார்.

புதுக் கோயில் எழும்ப இரண்டு வருஷம் ஆனது. தன் அப்பாவின் பேச்சை மீறி அத்தான் காத்திருந்தார். அதில் நடந்த முதல் கல்யாணம் அக்காளுடையது. கல்யாணமான பதினோராம் மாதம், ஏரிக்கரைக் கொசு கொண்டுவந்த குளிர்காய்ச்சல் அக்காளைக் கொண்டுபோனது. சேர்ந்து வாழ அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். காத்திருந்த இரண்டு வருஷத்தையும் ஓவர்சியரும் நானும் அத்தானின் அப்பாவும் தின்றோம். அந்தப் பெரியவரும் இதை வாசிப்பார், வாசிக்கட்டும்.

காய்ச்சலில் கிடந்த அக்காளைத் தோணியில் அக்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன ஊர் அண்ணன்மாருக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டு மைனிக்கும், மூன்று நாள் கட்டிலருகே முழங்காலில் நின்ற உபதேசியாருக்கும், அடக்கத்துக்குப் பழவங்காடியிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "எதையும் வெட்டாதே. ஓவர்சியருக்கும் மலர் ஒண்ணு குடுத்துரு" என்றார்.

நானே கொண்டுபோவேன். ஓவர்சியர் கடைசி வரியையும் வாசித்து முடிக்கும்வரை அவர் வீட்டு வாசலை விட்டு நகரமாட்டேன்.