கல்சுவரில் ஒரு விரல் நீளக் கோடு

போன வருஷம் மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பது பேருந்தில் இன்னஸ் ஊரை விட்டுப் போனான். கடலடியில் கேபிள் பதிக்கும் கப்பலில் சமையல் வேலை. அவன் அம்மா நெட்டா பிரைடன், பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள், வாயைத் திறக்கவில்லை. பேருந்து திரும்பி மறைந்த பிறகுதான் சொல்லாமல் விட்டது அவளுக்கு உறைத்தது.

"பத்திரமா போ, பத்திரமா வா." ஜூன் மாதம் ஊர் எல்லையைச் சுற்றிவரக் குதிரைகள் கிளம்பும்போது செல்கிர்க் ஊரே தெருவில் நின்று சொல்கிற வாசகம். நெட்டாவுக்கு அதற்கு ஜூன் வர வேண்டியதில்லை. பால் வண்டிக்காரனுக்குச் சொல்வாள், வேலி தாண்டும் பூனைக்கும் சொல்வாள். பெற்ற மகனுக்குச் சொல்லவில்லை. செத்துப்போன அவன் அப்பாவின் குதிரைச் சேணத்தை அவளைக் கேட்காமல் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான் என்ற கோபம்.

வீட்டிலிருந்து நேரே இறங்கினால் பத்து நிமிடத்தில் ஆற்றோரத்து ஆலை. அன்றிலிருந்து அவள் நேரே இறங்குவதில்லை. மேட்டில் ஏறி, ஊர் நடுவைச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறாள். பெரிய தெருவில் பாதி வழியில் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவாள். ஆப்பிரிக்காவில் ஒரு நதியைத் தேடிப் போய்த் திரும்பி வராத உள்ளூர்க்காரனின் சிலை இந்தப் பக்கம் நிற்கிறது. "அந்த ஆள் மூஞ்சில எதுக்குக் காலங்காத்தால முழிக்கணும்?" என்பாள். ரொட்டிக்கடை ஜன்னலைத் தட்டி உலர்திராட்சை ரொட்டி ஒரு துண்டு வாங்கிக்கொள்வாள். பெரும்பாலும் தின்பதில்லை. சந்தைத் திடலில் கோபுரக் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்ப்பாள். ஆறு ஐம்பதுக்கு நிறுத்தத்தில் நிற்க வேண்டும்.

ஆலையில் அவளுக்குப் பிழை பார்க்கும் வேலை. நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் சரித்துப் போட்டு விரல் நுனியால் தடவிக்கொண்டே போவாள். இழை விட்டுப்போன இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஊசியால் இழையைக் கோத்து முடித்ததும் கட்டைவிரலால் கோட்டை அழிப்பாள். சரிசெய்யாத இடத்தில் கோட்டை அழித்தது இந்த முப்பது வருஷத்தில் கிடையாது.

நிறுத்தத்துக் கல்சுவரில், இன்னஸ் பையைச் சாய்த்து வைத்த இடத்துக்கு மேலே, அதே சாக்பீஸால் ஒரு விரல் நீளக் கோடு. மழை கரைத்துவிடும். மழை பெய்யாத நாள் இங்கே குறைவு. மறுநாள் காலை திரும்பவும் போடுவாள்.

எதிரே இறைச்சிக்கடை திறக்கும் வாட்டி என்ற கடைக்காரனுக்கு இது தினக் கூத்து.

"என்ன நெட்டா, பஸ்காரன் உனக்குச் சுவரை எழுதி வெச்சுட்டானா?"

"உன் கடைப் பலகையில போன வாரத்து விலை அப்படியே இருக்கு. அதைப் போய் அழி."

"ஏதாவது சேதி வந்துச்சா?"

"வந்தா உன்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் மறுவேலை."

பையனின் பழைய எண் செத்துவிட்டது. கம்பெனியில் கேட்டால் கப்பல் கடலில் இருக்கிறது என்றார்கள். "கடல்ல இல்லாம எங்க தறி மேலயா இருக்கும்?" என்று சண்டை போட்டாள். விடியும் முன்னே வானொலியில் கடல் வானிலை கேட்கிறாள். அவன் இருப்பது தென்கடல், அறிக்கை இந்தப் பக்கத்துக் கடலுக்கு. தெரியும். ஆனாலும் எங்காவது புயல் என்றால் தேநீர் கோப்பையிலேயே ஆறிப்போகும்.

அந்த ஜூனில் குதிரைகள் கிளம்பியபோது, குதிரை மேலிருந்த முந்நூறு பேருக்கும் தனித்தனியாகக் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. "முந்நூறு பேருக்குச் சொல்ல வாய் வந்துச்சு. ஒருத்தனுக்கு வரல, இல்ல?" என்ற வாட்டி, சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுநாள் கோடு கொஞ்சம் நீண்டிருந்தது.

இந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, தூறலில் கோட்டைப் போட்டு முடித்த நேரம், பையில் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். அவள் முகம் போன போக்கைப் பார்த்து வாட்டி கத்தியும் கையுமாகத் தெருவைத் தாண்டி ஓடி வந்தான்.

"நீ படி. நான் கண்ணாடி எடுத்துட்டு வரல." கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

வாட்டி சத்தமாகப் படித்தான். "அம்மா, இன்னஸ். நல்லா இருக்கேன். சேணத்தைக் கொடுத்தது தப்புதான். அன்னைக்கு நீ சொல்லல. பஸ் திரும்பினதும் உன் குரல்லயே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். டிரைவர் ஒரு மாதிரி பார்த்தார். எப்ப வருவேன்னு தெரியல."

"போன இடத்துல நல்லா இருக்கானாம்! இன்னும் என்ன? அழிச்சுத் தள்ளு அந்தக் கோட்டை" என்றான் வாட்டி.

நெட்டா கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலைக் கோட்டின் மேல் முனையில் வைத்து மெல்லக் கீழே இழுத்தாள். "வர்றது பாக்கி இருக்கு" என்று பாதியில் நிறுத்தினாள். விரலின் வெள்ளையைத் துடைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து, மிச்சமிருந்த பாதியின் மேல் இன்னொரு முறை அழுத்தி இழுத்தாள்.