பிரேக் பிடிக்குது

அந்தக் கார் என்னுடையது இல்லை. என் மனைவியின் அண்ணனுடையது. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டியது நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லாரி ஆபீஸ், அரிசி மண்டி என்று அலைந்துகொண்டிருந்த எனக்கு, கல்யாணத்துக்குப் பிறகு மச்சான் கொடுத்த வேலை அது. தொண்ணூறுகளின் கடைசியில் என்று ஞாபகம்.

காலை ரயிலில் தெற்கேயிருந்து வந்து இறங்குகிறவர்கள் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு வண்டி கேட்பார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். சன்னதியில் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மூன்று ஆகிவிடும். சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டியவர்களுக்கு அது சரிப்படாது. அதனால் எங்கள் ஸ்டாண்டில் எல்லாருக்கும் பன்னிரண்டு மணிதான் கணக்கு.

அந்தப் பன்னிரண்டு மணியைப் பிடிக்க என் வண்டிக்கு மூச்சு வாங்கியது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒழுங்காகப் போகும். அதைத் தாண்டியதும் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இருக்காது. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் என்னைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, இப்பக் கிளம்புனா நாளைக்கி நடை தொறக்கறதுக்குள்ள போய்ச் சேந்துருவ இல்ல?"

நான் சிரித்துவிட்டு வண்டியைத் துடைப்பேன். பதில் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் கூடியிருந்தால், சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இரண்டு தடவை நடை சாத்திய பிறகு போய் நின்றேன். இரண்டாவது தடவை வந்த குடும்பம் ஸ்டாண்டுக்கே வந்து சத்தம் போட்டது. மச்சான் அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா நான் வேற ஆளப் போட்டுருவேன். தங்கச்சி வந்து அழுதாலும் சரி, சொல்லிட்டேன்." பிறகு அவரே இறங்கி வந்தார். "உன்னையும் சொல்லக் கூடாது. வண்டி பழசு. கொஞ்சம் வேகத்த ஏத்தி வுடுவோம். ஒண்ணொண்ணா பண்ணலாம். எத மொதல்ல பண்றதுன்னு ஷெட்டுல கேட்டு முடிவு பண்ணுவோம், வா."

ஷெட் மாமல்லபுரம் ரோட்டில் இருந்தது. மெக்கானிக் மச்சானின் சிநேகிதர், இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். நாங்கள் போனபோது இரண்டு ஆட்டோக்காரர்களும், டீ குடிக்க வந்த ஒரு லாரி டிரைவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் சாக்பீஸ் எடுத்து ஷட்டரில் வரிசையாக எழுதினார். கார்புரேட்டர், சைலன்ஸர், டயர், பிரேக். நாலும் ஒரே நாளில் செய்ய முடியாது. எது முதலில், எது கடைசியில் என்பதுதான் பேச்சு.

"சைலன்ஸர் பஸ்டு," என்றார் மச்சான். "பொக நல்லா வெளிய போனாத்தான் எஞ்சின் ஃப்ரீயா ஓடும்."

"யோவ், நீ சத்தத்துக்கு ஆசப்படுற. கார்புரேட்டருதான் மொதல்ல," என்றார் மெக்கானிக். லாரி டிரைவர், அகலமான டயர் போட்டால்தான் வண்டி ரோட்டைப் பிடித்து ஓடும் என்றார். ஆட்டோக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் சந்தைக்கடை மாதிரி இருந்தது.

கடைசியில் மெக்கானிக் கையைத் தூக்கினார். "அல்லாரும் கம்னு இருங்கபா. வண்டி ஓடறதுக்கு முன்னாடி நிக்கணும். பிரேக்கப் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்." என் பக்கம் திரும்பினார். "ஓட்டறவன் நீதான். சொல்லு. பிரேக் பிடிக்குதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரமாக நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை அவரே கேட்டுவிட்டார். பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடிவிட்டு நிறுத்தினால் அந்தச் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். வண்டியை இழுப்பது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

"பிடிக்குதுண்ணா," என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லி, மெக்கானிக் ஷட்டரில் எழுதியிருந்த பிரேக்கைக் கட்டை விரலால் அழித்துவிட்டார்.

எங்கள் பேச்சில் பிரேக் பிடிக்குது என்றால் இரண்டு அர்த்தம். மிதித்தால் வண்டி நிற்கிறது, நன்றாக இருக்கிறது என்பது ஒன்று. மிதிக்காமலே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ரிப்பேர் என்பது இன்னொன்று. நான் இரண்டாவதைச் சொன்னேன். அவர் முதலாவதைக் கேட்டார்.

"அது இல்லண்ணா..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் சைலன்ஸர் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. மச்சான் என் தோளில் கை போட்டு, "பாத்தியா, எம் மாப்ளைக்கும் கார்புரேட்டர் புடிக்கல. சைலன்ஸருதான்னு சொல்ல வர்றான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் மச்சானிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் வீட்டில் விருந்தாளிகள். மறுநாள் மெக்கானிக் சொன்னபடி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய பிறகு சொன்னால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார். இப்படி ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற ஜெட்டைப் பெரிதாக மாற்றினார்கள். பெட்ரோல் கூடக் குடித்தது, எஞ்சினின் இழுவையும் கொஞ்சம் கூடியது. பத்து நாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சான் ஷெட்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த இழுவையையும் சக்கரம் தின்ன ஆரம்பித்ததும் சைலன்ஸரை மாற்றினார்கள். அப்புறம் நான் ஸ்டாண்டுக்கு வருவது தெருமுனையிலேயே கேட்கும். "ரேஸு வந்துகினு கீதுடோய்," என்பார்கள். சத்தம் ரேஸ் கார், வேகம் பழைய வேகம்தான்.

மூன்றாவதாக டயர். அகலமான டயரை மாட்டுகிற கடையில் வேலை செய்தவர் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாபா, வீலு இவ்ளோ டைட்டா கீது?"

மச்சான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தானாக ஒரு வாய்ப்பு வந்து என் முன்னால் நின்றது. நான் சொன்னது இதுதான்: "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்."

போடவில்லை. அவர் குனிந்து நட்டை முடுக்கத் தொடங்கினார். அதுவரைக்கும் நான் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு முதல் தடவையாகப் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு வண்டிக்குள் உட்காருவதே அடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. காது சக்கரத்திலும் மூக்கு வாடையிலும் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவது எதுவும் காதில் விழாது. திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி, ரேடியேட்டருக்கு என்று சொல்லித் தண்ணீர் பிடிப்பேன். பாதியைச் சக்கரத்தில் ஊற்றுவேன். உஸ்ஸென்று சத்தம் வரும். யாராவது எட்டிப் பார்த்தால் டயர் கழுவுவது போல நிற்பேன். கடற்கரை ரோட்டில் ஏறியதும், "கண்ணாடிய ஏத்திக்குங்க, மணல் அடிக்கும்," என்பேன். மணல் அடிக்காது. கருகுகிற வாடை உள்ளே வரக் கூடாது என்பதுதான். அவர்களும் ஏற்றிக்கொள்வார்கள். வெயிலில், நாலு கண்ணாடியும் மூடிய வண்டியில், நாங்கள் எல்லாரும் வேர்த்துக்கொண்டு போவோம்.

வேறு ஷெட்டுக்குப் போகலாம் என்றால், செங்கல்பட்டில் மச்சானுக்குத் தெரியாத ஷெட் இல்லை. நானே ஒரு நாள் கீழே படுத்து, பிரேக்கை ஸ்குரு டிரைவரால் தளர்த்திப் பார்த்தேன். இரண்டு நாள் தாங்கியது.

நடை சாத்துவதற்குள் எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டு, ஏழு மாதம் இப்படியே போயிற்று.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒரு அப்பா, முப்பது வயது தாண்டிய அவர் மகள். அப்பா ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் போல இருந்தார். ரயில் தாமதம். ஏறும்போதே, "பன்னெண்டுக்குள்ள போயிரலாமா தம்பி? இவளுக்கு லீவே கிடைக்கல. இன்னைக்கு விட்டா அப்புறம் எப்பன்னு தெரியாது," என்றார்.

"போயிரலாம் சார்," என்றேன்.

தண்ணீருக்கு நிறுத்த நேரமில்லை. மாமல்லபுரம் தாண்டியதும் வாடை வந்தது. கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். பட்டிபுலம் நெருங்கும்போது மூன்றாவது கியரிலும் இழுக்கவில்லை. மிரரில் பார்த்தால் வண்டிக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை. வேகத்தைக் குறைக்கலாம் என்று பிரேக்கை மிதித்தேன். அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்திருக்க வேண்டும், பெடல் பஞ்சு போல உள்ளே போனது. மறுபடி மறுபடி மிதித்து, கியரைக் குறைத்து, சவுக்குத் தோப்பு ஓரத்து மணலில் ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

அப்பா இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார். "என்னப்பா ஆச்சு?"

"பிரேக் பிடிச்சுக்கிச்சு சார்."

"பிரேக் பிடிச்சா நல்லதுதானே?"

அந்த ரோட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை. அதனாலோ என்னவோ, எனக்குப் பேச்சு வந்தது. "இல்ல சார். மிதிக்காமலே பிடிக்குது. விட மாட்டேங்குது. அதான் வண்டி இழுக்கல. ஏழு மாசமா இப்படித்தான்."

அவர் சக்கரத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஏழு மாசமா தெரியுமா உனக்கு?" என்றார். குரல் உயரவில்லை. "தெரிஞ்சேவா எம் பொண்ண ஏத்துன?"

அதுவரைக்கும் இது எனக்கும் மச்சானுக்கும் நடுவில் உள்ள விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். பின் சீட்டில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் அதில் சேர்க்கவே இல்லை.

மகள் ரோட்டின் நடுவுக்கே போய்க் கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டாள். "அப்பா, வாங்க. அவரத் திட்டுறதுக்கு நேரமில்ல," என்றாள். ஏறிப் போய்விட்டார்கள். நடை திறந்திருந்ததா, ஒன்பது சுற்று சுற்றினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நடந்து போய் ஒரு பூத்திலிருந்து மச்சானுக்குப் போன் செய்தேன். அவரும் மெக்கானிக்கும் பைக்கில் வந்தார்கள். மெக்கானிக் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, சுத்தியால் தட்டி டிரம்மை எடுத்தார். உள்ளே கரி. துருப்பிடித்து இறுகிப்போன ஒரு சின்னச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரை நாள் வேலைபா இது," என்றார். "பிடிக்குதான்னு கேட்டேனே. பிடிக்குதுன்னியே."

"பிடிச்சுக்கினு கீதுன்னுதாண்ணா சொன்னேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிக்கப் போனவர், மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரியைத் துடைக்கத் தொடங்கினார்.

மச்சான் கேட்டது ஒன்றுதான். "அன்னிக்கி டயர் கடையில ஹேண்ட் பிரேக்கு போட்டிருந்தியா, இல்லியா?"

"இல்ல மச்சான்."

அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். "லேட்டானா கூட பரவால்ல மாப்ள. ரயிலு லேட்டுக்கு நீ இன்னா பண்ணுவ? வாயத் தொறக்காத ஆள நம்பி நான் எப்டி சனங்கள ஏத்தி அனுப்பறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பைக்கில் ஏறச் சொன்னார். வேண்டாம் என்று பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் மனைவி சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்காததால் வாசலுக்கு வந்து பார்த்தாள். "வண்டி எங்க?"

"உங்க அண்ணன் வாங்கிக்கினாரு."

"ஏன்?"

பழக்கம் விடவில்லை, ஏதோ ரிப்பேர் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். வேறு யாரும் இல்லை. ஷட்டரில் சாக்பீஸால் எழுதியதிலிருந்து தொடங்கினேன். தண்ணீர் ஊற்றியது, கண்ணாடியை ஏற்றச் சொன்னது, அந்த அப்பா கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் நான் பேசியது அதுதான். அண்ணனுக்காகவும் அவள் பேசவில்லை, எனக்காகவும் பேசவில்லை.

"அதான் ஏழு மாசமா தூக்கத்துல எதையோ மிதிக்கற மாதிரி வலது கால ஒதைச்சுகினே இருந்தியா?" என்றாள். "நான் எறும்புன்னு நெனச்சி பாயக் காய வெச்சிகினு இருந்தேன்."