நாக்குக்கடியில்

அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் என் மனைவி அன்புச்செல்வி, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் எவன் வம்புக்கு வந்தாலும் விடமாட்டாள். அப்படிப்பட்டவளை மனநல வார்டில் இருபது நாள் வைத்திருந்தார்கள். அங்கே மாத்திரையை விழுங்கியதும் நர்சிடம் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். சிலர் ஒளித்து வைத்துத் துப்பிவிடுகிறார்களாம்.

"திருடியைச் சோதனை போடுற மாதிரி இருக்குதுங்க" என்று நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அழுவாள்.

"எல்லாருக்கும் அதானே, பொறுத்துக்கோ" என்பேன். எனக்கென்ன, சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மாத்திரை போட்டுக்கொண்டவள், நான் கேட்காமலேயே என் முன்னால் வந்து வாயைத் திறந்து நின்றாள். 'எனக்கு எதுக்கும்மா காட்டுற' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பாவி நான், குனிந்து நாக்குக்கடியில் பார்த்தேன்.