கேத்தல் செபம்

எனக்குப் பத்தொன்பது வயது நடந்த அந்த வருசத்தில் மாத்தளையில் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்று கேட்டால் சொல்லி முடியாது. யாரைச் சந்தேகப்படவில்லை என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர் என் கடிதங்களை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார் என்று நான் நம்பினேன். ரத்தோட்டை பஸ்ஸில் பேப்பரை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்த ஒருவரை மூன்று நாள் உளவு பார்த்தேன். கண்ணாடி உடைந்துபோன மனுசன் என்று நாலாம் நாள் தெரிந்தது. வடக்குச் சண்டையால் தமிழ் பேசுகிறவன் மேல் ஒரு கண். தெற்கில் சிவப்புக் கொடிக்காரர்களின் கலவரத்தால் இளவட்டங்கள் மேல் இன்னொரு கண். நான் தமிழ் பேசும் இளவட்டம். இரண்டு கண்ணாலும் பார்க்க வசதியான ஆள்.

பள்ளிக்கூடம் திறந்திருந்த நாளைவிட மூடியிருந்த நாள் அதிகம். பாடப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடம் செய்து, அச்சகத்து முகவரியும் பாடமாகிவிட்ட நேரத்தில்தான் எங்கள் நாலு பேருக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. ரஷ்யாவில் தமிழிலேயே அச்சடித்து வந்த பௌதிகப் புத்தகம். பாடப் புத்தகத்தில் மூன்று வரியில் முடிகிற வெப்பத்துக்கு இதில் முப்பது பக்கம், பக்கத்துக்கொரு படம். குறை ஒன்றுதான். அட்டை நல்ல சிவப்பு. நாட்டில் சிவப்பு அட்டை வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்த காலத்தில், அந்த நிற அட்டையில் தண்ணீர் கொதிக்க வைக்கிற ஒரு கேத்தல் படம்.

நாலு பேரில் நான் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே இருந்த தோட்டத்துக்காரன். மாத்தளை டவுனில் இருந்தவள் ஒருத்தி, கத்தோலிக்க வீடு. ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பாள். மூன்றாவது, பலாபத்வலையில் மிளகு, கிராம்பு வாங்கி விற்கிறவரின் மகன். அவன் வாப்பாவின் ஸ்டோர்தான் எங்கள் வகுப்பு. நாலாவது தம்புள்ளை வழியில் நாலந்தா என்ற ஊரிலிருந்து வருகிறவன். அவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் முறை இதுதான். ஒருவர் ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு அத்தியாயம் படிக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் மூட்டைகளுக்கு நடுவே நின்று, புத்தகத்தைத் திறக்காமல் மற்ற மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும். புத்தக வார்த்தை வரக் கூடாது. "மூட்ட தூக்குறவருக்கும் விளங்கணும்," என்பது டவுன்காரி போட்ட சட்டம். சூடு தண்ணீரோடு மேலே போவதை யாராவது 'மேற்காவுகை' என்றால் அவள் கையிலிருந்து ஒரு மிளகு பறந்து வந்து நெற்றியில் படும். என் நெற்றியில் பட்ட மிளகைச் சேர்த்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு ரசம் வைத்திருக்கலாம்.

தன் முறை வந்தால் தவிர நாலந்தாக்காரன் பேச மாட்டான், எழுதுவான். யார் என்ன சொன்னாலும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வான். நான் மிளகுக் கடை மகனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மச்சான், இவன் யாருக்கு எழுதுறான்?"

"பாடத்த எழுதுறான்."

"பாடம் எழுதுறவன் ஏன் கொப்பிய கையால மறைக்கிறான்?"

"நீ எட்டிப் பாக்குற, அதான்."

இந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. இவனும் அவன் ஆள்தானோ என்று அன்றிரவு யோசித்தேன்.

வெப்பம் என் முறையாக வந்தது. சிவப்பு அட்டையை மறைக்க வேண்டும். பிரவுன் பேப்பர் போடலாம். ஆனால் பிரவுன் பேப்பரே சந்தேகத்துக்குரியது, உள்ளே என்ன என்று கேட்க வைக்கும் என்று என் மூளை சொன்னது. ஸ்டோரில் டவுன்காரி மறந்து விட்டுப் போன வேதப் புத்தகம் கிடந்தது. அதன் அட்டை கழன்றிருந்தது. பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் யேசு படம். அளவும் சரி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, சோற்றுப் பசை தடவி, ரஷ்யப் புத்தகத்தின் மேல் ஒட்டினேன். உள்பக்க மூலையில் அவள் முழுப் பெயரும் தெருவும் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். எழுத்து அழகாக இருந்தது. அதன் மேல் பசை பூச மனம் வரவில்லை. அந்த மூலையை மட்டும் ஒட்டாமல் விட்டேன். அந்த வருசத்தில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதல் இடம்.

ஞாயிறு மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறினேன். பலாபத்வலைக்குக் கொஞ்சம் முன்னால் செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நின்றோம். எனக்குக் கவலையெல்லாம் அத்தியாயம்தான். மறந்தால் மிளகு வரும். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வயதைவிட நாலைந்து கூடின ஒரு சிப்பாய் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாய் ஏன் அசையுது?" சிங்களத்தில் கேட்டார்.

என் பையைத் திறந்து கொண்டிருந்தது அவர் கை. யேசு படம் வெளியே வந்தது.

"செபம், சேர்," என்றேன்.

அவர் முகம் இளகியது. கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையை ஒரு விரலால் தொட்டார். நான் தப்பினேன் என்று நினைத்தேன். "சொல்லு," என்றார், "நானும் கேக்கிறேன்."

நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவன். ஒரு செபமும் தெரியாது. ஆனால் இவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம் இருந்தது. கண்ணை மூடினேன். கையைக் கூப்பினேன். மாதா கோயில் சாமியார் இழுப்பது மாதிரி இழுத்து, என்னிடம் இருந்ததைச் சொன்னேன்.

"சூடானது எப்பவும் மேலே எழும்பும். குளிர்ந்தது கீழே இறங்கும். கேத்தலின் அடியில் இருந்த தண்ணீர் உயரே போகும், உயரே இருந்தது அடிக்கு வரும். கொழுந்து வாட்டுற மாடியில காத்தும் அப்படியே. சூடு தானாகக் குளிரைத் தேடிப் போகும், குளிர் ஒருநாளும் சூட்டைத் தேடி வராது. ஆமென்."

கண்ணைத் திறந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா பயபக்தியோடு தலைகுனிந்திருந்தார். சிப்பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"நான் நீர்கொழும்பு. எங்க வீட்டுல அம்மா செபம் சொல்றது தமிழ்லதான். பரலோக மந்திரத்துல கேத்தல் வராதே, தம்பி."

அவர் புத்தகத்தைத் திறந்தார். கேத்தல், மெழுகுதிரி, வண்டிச் சக்கரம். பக்கங்களை விரலால் ஓட்டிவிட்டு மறுபடி யேசு அட்டைக்கு வந்தார். ஒட்டாத மூலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் பெயர். அவள் தெரு. என் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பொம்பளப் புள்ள பேரு. யாரு?"

அக்கா என்று சொல்ல முடியாது, பெயரே காட்டிக்கொடுக்கும். சிநேகிதி என்றால் இன்று பின்னேரமே அந்தத் தெருவுக்கு ஜீப் போகலாம். அப்படிப் போன ஜீப்புகள் யாரையும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

"அந்தப் புள்ளக்கி ஒண்ணும் தெரியாது சேர். அட்டைய நான்தான் களவெடுத்தேன்."

அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது.

அவர் திரும்பி, மரத்தடியில் உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சிப்பாய் பெயர் இருந்த மூலையை மட்டும் மடித்து, நகத்தால் அழுத்தி, கிழித்தார். கிழித்ததைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"போ."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பயப்பட ஆரம்பித்தேன். நல்லவனென்றால் அந்தத் துண்டை என்னிடமே கொடுத்திருக்கலாமே. கெட்டவனென்றால் என்னையல்லவா வைத்திருக்க வேண்டும். பையில் ஏன் போட்டார்? பொத்தானை ஏன் பூட்டினார்?

ஸ்டோரில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்தேன்.

"என்னா, வாய் அடைச்சிப் போச்சா? கேத்தல சொல்லு," என்றாள் டவுன்காரி. அவள் கையில் மிளகு தயாராக இருந்தது.

சொன்னேன். கேத்தலை அல்ல, மற்றதை. ஆமென் என்ற இடத்தில்கூட ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த மிளகைத் திரும்ப மூட்டைக்குள் போட்டாள்.

"கேட்டிருந்தா பேரக் கிழிச்சிட்டு நானே குடுத்திருப்பேனே," என்றாள்.

அப்போது நாலந்தாக்காரன் தன் கொப்பியை நடுவே தள்ளினான். "இத எரிச்சிருவோமா?" நான் பறித்துப் பார்த்தேன். எல்லாம் கேள்விகள். எங்களிடம் கேட்க வெட்கப்பட்டு எழுதி வைத்தவை. யார் சொன்ன பாடம் என்ற இடத்தில் பெயருக்குப் பதில் கிராம்பு, ஏலம், மிளகு என்று போட்டிருந்தான். நான் சாதிக்காய்.

"பேரு எழுதினா யாருக்காச்சும் வெனையா போயிரும்னுதான்," என்றான்.

எங்கள் நாலு பேரில் பெயரை மறைத்தவன் அவன். பெயரைக் கொண்டுபோய்ச் சிப்பாய் கையில் கொடுத்தவன் நான்.

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. வேறு தெருவில் சித்தி வீட்டில் படுக்கிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். அந்த இரண்டு கிழமையும் மாத்தளையில் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தாள். கையில் ஒரு தாள் பிரவுன் பேப்பர். யேசு அட்டையை உரித்தெடுத்து, மூலை போனதைப் பார்த்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். புத்தகத்துக்கு மடிப்புக் கலையாமல் உறை போட்டாள். முகப்பில் லேபல் ஒட்டி, அதே அழகான எழுத்தில் எழுதினாள். என் முழுப் பெயர், தோட்டம், டிவிசன், லயத்தில் எங்கள் வீட்டுக் காம்பரா நம்பர் வரைக்கும்.

"வாசிக்கிறவன் சொந்தப் பேர்ல வாசி," என்று என் கையில் கொடுத்தாள்.

அடுத்த கிழமை அதோடு செக்பொயின்டில் இறங்கினேன். அதே சிப்பாய். லேபலை வாசித்தார். அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்தார்.

"கேத்தல் கொதிச்சிதா, தம்பி?"

"கொதிச்சது சேர்," என்றேன். என் கண் அவர் முகத்தில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. பொத்தான் இன்னும் பூட்டித்தான் இருந்தது.