ஆளில்லாத ஆராதனை

ஹூஸ்டன் பக்கம் எங்கள் தமிழ்ச் சபைக்கு வாடகை இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த பாஸ்டரைச் சந்தித்தேன். ஃப்ரீவேயை ஒட்டிய சின்ன சர்ச். ஞாயிறு காலை உள்ளே போனால் மைக்கில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கேட்க ஒருவர்கூட இல்லை. ஒல்லியான மனிதர், கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. அடிக்கடி பேச்சை நிறுத்தி, எதிரே யாரோ ஆமென் சொன்னதுபோல் தலையசைத்தார்.

பிரசங்கத்தை முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“யாருமே இல்லையே, பாஸ்டர்?”

“சபை கலைஞ்சு போச்சு தம்பி. பக்கத்துக் கடையில ஸ்ட்ரிப் கிளப் தொறக்க அப்ளை பண்ணியிருக்காங்க. ஆராதனை நடக்குற சர்ச் பக்கத்துல இருந்தா சிட்டி பெர்மிட் குடுக்காது. நான் மூடினா அவங்க தொறந்துருவாங்க. பின்னாடி தெரு பூரா குடும்பங்க.”

“அதுக்குக் கதவைத் தொறந்து வச்சா போதாதா? பிரசங்கம் யாருக்கு?”

“மொதல்ல சட்டத்துக்காகத்தான் சும்மா பேசினேன். அப்புறம் வர ஆரம்பிச்சாங்க.”

காலி நாற்காலிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

கடைசி ஜெபத்துக்கு இருக்கச் சொன்னார். கிட்ட இருந்த நாற்காலியில் உட்காரப் போனேன்.

“அதுல ஆள் இருக்கு தம்பி, அடுத்ததுல உக்காருங்க” என்றார், வெகு சாதாரணமாக.

மாறி உட்கார்ந்தேன். ஜெபம் முடியும்வரை அந்தப் பக்கம் முழங்கை படாமல் பார்த்துக்கொண்டேன்.

நாங்கள் வேறு இடம் பிடித்துவிட்டோம். அந்தக் கடை இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. ஒற்றை ஆளாக ஒரு கிளப்பையே தடுத்த மனிதர் என்று நண்பர்களிடம் சொல்வேன். ‘ஒற்றை ஆளாக’ என்னும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் தயங்கும்.